காட்டுயிர்ப் படத்தையும் கண்ட காட்சியையும் நண்பர்களோடு பகிர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெங்களூருவில் வார இறுதிக் காலைகளில் கேமராவோடு ஏரிக்கரைக்கும் காட்டோரத்துக்கும் செல்லும் தமிழ் நண்பர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். படம் எடுப்பது எப்படி என்று சொல்லித்தர ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். எடுத்த படத்தையும் அதன் பின்னால் உள்ள காட்சியையும் மற்றவரிடம் ஒழுங்காகக் கொண்டு சேர்ப்பது எப்படி என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் திறமைக் குறைவால் அன்று, வேலைகளை வரிசை மாற்றிச் செய்வதால்தான். பறவையின் பெயர் உறுதியாகும் முன்பே படத்தை அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பிய பிறகு இடத்தை மறைக்க நினைக்கிறார்கள். படத்தைத் திருத்தி முடித்த பிறகு, என்ன நடந்தது என்று நினைவுபடுத்திப் பார்க்கிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. கிளம்புவதற்கு முன்

முதல் வேலை கேமராவின் கடிகாரத்தைச் சரிசெய்வது. கைபேசியின் நேரத்தைப் பார்த்து நிமிடம் வரை பொருத்துங்கள். உடன் வருபவர்களையும் அவ்வாறே செய்யச் சொல்லுங்கள். ஒரே காட்சியை மூவர் மூன்று கோணங்களில் எடுத்திருக்கும்போது, எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று படங்களை அடுக்கிப் பார்க்க உதவுவது அந்த நேரக் குறிப்பு மட்டுமே. வெளிநாட்டுப் பயணத்துக்குப் பின் மாற்றப்படாத கடிகாரம், விடியற்காலை எடுத்த படத்தை நள்ளிரவுப் படமாகக் காட்டும்.

இரண்டாவது, உங்கள் கேமரா கைபேசிச் செயலியோடு புளூடூத் வழியாக இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நிக்கான், கேனான், சோனி ஆகிய மூன்று நிறுவனங்களின் செயலிகளிலும் கைபேசியின் இருப்பிடத்தை ஒவ்வொரு படத்திலும் எழுதிவைக்கும் வசதி உண்டு. கேமராவில் ஜிபிஎஸ் இல்லை, ஆகவே இடம் பதிவாகாது என்று நம்புபவர்கள் பலர். செயலியை முதன்முறை நிறுவியபோது கேட்ட அனுமதிக்குச் சம்மதம் சொல்லியிருப்பது அவர்கள் நினைவில் இருப்பதில்லை. உங்கள் சொந்தப் பதிவுக்காக அது இருக்கலாம், தவறில்லை. ஆனால் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, அனுமதி. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் படம் எடுக்கச் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். சஃபாரி வண்டியிலோ ரங்கனதிட்டுவில் படகிலோ செல்லும்போது சீட்டு வாங்குவதோடு இது முடிந்துவிடும். காட்டோரக் கிராமப் பாதைகளில் நடக்கும்போதுதான் காப்புக்காடு எங்கே தொடங்குகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அனுமதியின்றி எடுத்த படத்தைப் பகிர்ந்தால், அதுவே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும்.

இவற்றோடு ஒரு சிறு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று அடுத்த படியில் சொல்கிறேன்.

2. களத்தை விட்டு வரும் முன் குறிப்பு எழுதுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். பறவையோ விலங்கோ விலகிச் சென்ற பிறகு, கேமராவின் பின்திரையில் படங்களைப் பார்ப்பதற்கு முன்பு, கண்டதை எழுதிவிடுங்கள்.

காரணம் எளிது. ஏதோ நடக்கத் தொடங்கிய பிறகுதான் நாம் ஷட்டரை அழுத்துகிறோம். அதற்கு முன் அந்த உயிர் எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பியது என்பவை படத்தில் இல்லை. கண்ணில் மட்டுமே இருக்கின்றன. படங்களைப் பார்த்துவிட்டால் நினைவு படங்களுக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. நன்றாக விழுந்த படமே நிகழ்வின் மையம் என்று தோன்றத் தொடங்கும், மற்றவை உதிர்ந்துவிடும்.

எழுத வேண்டியவை அதிகமில்லை: நேரம், ஏறக்குறைய எத்தனை அடி தூரம், வெயில் எந்தப் பக்கம், எத்தனை உயிர்கள், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், அது உங்களைக் கவனித்ததா, கடைசியில் எப்படி விலகியது. தூரத்தைக் கண்ணளவில் எழுதாமல், பறவை போன பிறகு காலடி எண்ணிப் பாருங்கள். புதியவர்களின் கண்ணளவுக்கும் காலடிக்கும் பெரிய வேறுபாடு இருக்கும். எழுத நேரமில்லையென்றால் கைபேசியில் பேசிப் பதிவு செய்யலாம், ஆனால் பறவை அங்கே இருக்கும்போது பேசாதீர்கள்.

படகோட்டியோ வனக் காவலரோ அந்த உயிரைப் பற்றி ஏதேனும் சொன்னால், கன்னடத்தில் சொன்ன பெயரோடு சேர்த்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் அங்கே இருப்பவர்கள் அவர்கள்தான். ஒரு காலை மட்டும் வந்து போகிற நமக்குத் தெரியாத பருவ மாற்றங்கள் அவர்களுக்குத் தெரியும்.

அங்கிருந்தே பின்திரையைக் கைபேசியில் படமெடுத்து, இடத்தின் பெயரோடு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவது புதியவர்களிடம் நான் அடிக்கடி காணும் தவறு. மகிழ்ச்சியில் செய்வதுதான். ஆனால் அந்த ஒரு செயலால் பின்வரும் படிகளில் பாதி பயனற்றுப் போகின்றன. அரை மணி நேரத்தில் இன்னும் நான்கு கார்கள் அதே மரத்தடிக்கு வந்து நிற்கும்.

3. படங்களைக் கணினிக்கு மாற்றுதல்

கேமராவிலேயே படங்களை அழிக்காதீர்கள். மூன்று அங்குலத் திரையில் கண் கூர்மையாக இருக்கிறதா என்பது சரியாகத் தெரியாது. அவசரத்தில் பக்கத்துப் படமும் போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் மெமரி கார்டிலிருந்து கணினிக்கு ஒரு பிரதி, தனி ஹார்டு டிஸ்குக்கு இன்னொரு பிரதி. இரண்டும் திறக்கின்றன என்று பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள், அதையும் கேமராவில் வைத்துச் செய்யுங்கள். கோப்புறையின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கட்டும். அப்போது பட்டியல் தானாகவே கால வரிசையில் நிற்கும். நோட்டில் எழுதிய குறிப்பைத் தட்டச்சு செய்து அதே கோப்புறையில் போட்டுவிடுங்கள். குறிப்பு ஓரிடத்திலும் படம் ஓரிடத்திலும் இருந்தால் ஆறு மாதத்தில் இரண்டும் பிரிந்துவிடும்.

4. தேர்வு: ஒரு காட்சிக்கு மூன்று படங்கள் போதும்

இன்றைய கேமராக்கள் விநாடிக்குப் பத்து, இருபது என்று படங்களைக் குவிக்கின்றன. ஒரே கிளையில் ஒரே வைரி உட்கார்ந்திருக்கும் நாற்பது படங்களை அனுப்பினால், பார்ப்பவர் மூன்றாவது படத்தோடு விலகிவிடுவார். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எடுத்தவருடையது. அதைப் பார்ப்பவர் தலையில் சுமத்தக்கூடாது.

ஒரு காட்சிக்கு மூன்று படங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அந்த உயிர் வாழும் இடம் தெரியும்படியான அகலப் படம். இரண்டு, முகமும் கண்ணும் தெளிவாகத் தெரியும் நெருக்கப் படம். மூன்று, அது ஏதாவது செய்துகொண்டிருக்கும் படம். அகலப் படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பெரிய லென்ஸ் கையில் இருக்கும்போது அது தேவையற்றதாகத் தோன்றும். ஆனால் கொக்கரெபெல்லூரில் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் ஊருக்கு நடுவே, வீட்டுக் கூரைகளுக்கு மேலே உள்ள மரங்களில் கூடு கட்டுகின்றன என்பதை நெருக்கப் படம் ஒருபோதும் சொல்லாது.

பகிர்வதற்கு அல்லாமல் அடையாளம் காண்பதற்காகச் சில படங்களைத் தனியே வையுங்கள். இவை அழகாக இருக்க வேண்டியதில்லை. இறக்கையின் அடிப்புறம், வாலின் முனை, முதுகு, கால் நிறம் தெரிந்தால் போதும். புலி, சிறுத்தை என்றால் இரண்டு விலாப்புறங்களும் வேண்டும். வரிகள் ஒவ்வொரு புலிக்கும் தனி. அதே புலியின் இடப்புறமும் வலப்புறமும் கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் 1990களில் நாகரஹொளேயில் தானியங்கிக் கேமராக்களைக் கொண்டு புலிகளை மதிப்பிட்டதற்கு அந்த வரிகளே அடிப்படை. நேராக நம்மைப் பார்க்கும் புலி முகம் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். எந்தப் புலி என்று உறுதி செய்ய விலாப்புறம்தான் பயன்படும்.

5. பெயரை உறுதி செய்தல்

பெயர் தெரியாமல் படத்தை அனுப்புவதில் தவறில்லை; தெரியாததைத் தெரிந்ததுபோல் அனுப்புவதுதான் தவறு. முதலில் அனுப்பியவர் எழுதிய பெயரையே அடுத்தவர்கள் சரிபார்க்காமல் எடுத்துக்கொள்வார்கள்.

பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் போன்ற செயலி சொல்லும் பெயரை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு, குறைந்தது இரண்டு அடையாளங்களை நீங்களே படத்தில் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். பெங்களூரு ஏரிகளில் அடிக்கடி குழப்பும் இரண்டை மட்டும் சொல்கிறேன். முதிராத செம்பருந்துக்கு வெள்ளைத் தலையும் செங்காவி உடலும் இருக்காது. பழுப்பாகக் கரும்பருந்துபோலவே தெரியும். வாலைப் பாருங்கள்: கரும்பருந்துக்கு வால் முனை பிளவுபட்டிருக்கும், செம்பருந்துக்கு வட்டமாக இருக்கும். அடுத்தது, குளிர்காலத்தில் சேற்றோரம் ஓடித் திரியும் உள்ளான்கள். தோளுக்கு முன்னால் வெள்ளை நிறம் ஆப்புபோல மேலேறி, நின்ற இடத்தில் பின்புறம் ஆடிக்கொண்டே இருந்தால் அது சாதாரண உள்ளான். பறக்கும்போது கரிய இறக்கை அடிப்புறமும் பளிச்சென்ற வெள்ளைப் பிட்டமும் தெரிந்தால் பச்சை உள்ளான். தரையில் நிற்கும் படம் ஒன்றே இருந்து முடிவு செய்ய இயலாவிட்டால் "உள்ளான் வகை" என்று எழுதி நிறுத்திக்கொள்வதே நேர்மை.

தமிழ்ப் பெயரையும் எழுதுங்கள். ஆறுமணிக்குருவி, பஞ்சுருட்டான், செம்போத்து என்று எழுதினால் குழுவில் இருப்பவரின் அம்மாவுக்கும் மாமனாருக்கும் கூட அது புரியும். ஊரில் பார்த்ததைப் பற்றி அவர்களும் சொல்லத் தொடங்குவார்கள். ஒரு பெயருக்கு ஊருக்கு ஊர் வழக்கு மாறும் என்பதால் அறிவியல் பெயரையும் பக்கத்தில் வைப்பது பாதுகாப்பு.

6. இடத்தை எவ்வளவு சொல்வது என்று முடிவெடுத்தல்

படத்தைத் திருத்துவதற்கு முன்பே இந்த முடிவை எடுக்க வேண்டும். எந்தப் படத்தை அனுப்புவது, எப்படி வெட்டுவது, எப்போது அனுப்புவது என்ற மூன்றும் இதைச் சார்ந்தவை.

நான் புதியவர்களுக்குச் சொல்வது மூன்று நிலைகள். முதல் நிலை, இடத்தைத் திறந்து சொல்லலாம். ஜக்கூர், ஹெப்பாள், அல்சூர் ஏரிகளில் திரியும் நீலத்தாழைக்கோழி, மீன்கொத்தி, நத்தைகுத்தி நாரை போன்றவற்றை மறைக்க ஒன்றுமில்லை. சொன்னால் இன்னும் நாலு பேர் ஏரியைப் பார்க்க வருவார்கள், அது ஏரிக்கும் நல்லது.

இரண்டாம் நிலை, மாவட்டம் அல்லது வட்டாரம் வரை மட்டும். ஆந்தைகள் பகலில் அடையும் மரம், ஹெசரகட்டா போன்ற புல்வெளிகளில் பூனைப்பருந்துகள் இரவு தங்கும் பகுதி, சஃபாரியில் புலியைப் பார்த்த பாதை ஆகியவை இதில் வரும். புல்வெளி வெறும் தரையாகத் தெரிவதால் கூட்டம் வண்டியோடு உள்ளே இறங்கிவிடும். வானம்பாடியும் ஆள்காட்டியும் அந்தத் தரையில்தான் முட்டையிடுகின்றன.

மூன்றாம் நிலை, இடத்தைச் சொல்லவே கூடாது. தேவாங்கு, நட்சத்திர ஆமை, மண்ணுளிப் பாம்பு ஆகிய மூன்றும் மூடநம்பிக்கைக்காகவோ வளர்ப்பு உயிர் வணிகத்துக்காகவோ பிடித்து விற்கப்படுபவை. பெங்களூரு நகருக்குள்ளேயே மரம் அடர்ந்த வளாகங்களில் தேவாங்கு இன்னும் வாழ்கிறது. எந்த வளாகத்தின் எந்த மூலை என்பதைக் குழுவில் எழுதினால் அதை யார் படிக்கிறார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. முட்டையோ குஞ்சோ உள்ள கூடும் இந்த நிலைதான். கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதைக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. கூட்டுப் படத்தை எடுக்காமலிருப்பது நல்லது. தற்செயலாக எடுத்திருந்தால் குஞ்சுகள் பறந்து சென்ற பிறகு பகிருங்கள்.

இடத்தின் பெயரை எழுதாவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அது வேறு வழிகளிலும் கசியும். கோப்புக்குள் உள்ள ஜிபிஎஸ் எண்கள் ஒன்று. படத்தின் பின்னணி இன்னொன்று: ராமநகரப் பாறையின் வடிவத்தையும் ஏரிக்கரை அடுக்குமாடியின் நிறத்தையும் ஊர்க்காரர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். கோப்பின் பெயரிலேயே ஊர்ப் பெயர் இருப்பதும் உண்டு. இடத்தை மறைக்க வேண்டிய காட்சிக்கு, நான்காம் படியில் சொன்ன அகலப் படத்தை விட்டுவிட்டு இரண்டு படங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இடத்தைக் கேட்பவருக்கு என்ன சொல்வது என்பதில் பலர் சங்கடப்படுகிறார்கள். "சார், அருமையான படம். லொகேஷன் மட்டும் தனியா அனுப்புங்களேன்" என்று கேட்டால், "கூட்டில் குஞ்சு இருக்கு தம்பி, பறக்கட்டும். அடுத்த மாசம் நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லுங்கள். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்லாதீர்கள்; அவருக்கும் நெருங்கிய நண்பர் ஒருவர் இருப்பார்.

நகர எல்லையில் சிறுத்தையைப் பார்த்தால் மட்டும் வரிசையே வேறு. துரஹள்ளி, பன்னேருகட்டா, கனகபுரா சாலைப் பக்கங்களில் சிறுத்தை தென்படுவது புதிதல்ல. முதலில் தெரிவிக்க வேண்டியது வனத்துறைக்கு, நேரத்தோடும் இடத்தோடும். குழுவுக்கு அனுப்பும் படம் தேதியை இழந்து ஊரெல்லாம் சுற்றும். 2016 பிப்ரவரியில் பெங்களூருவில் பள்ளி ஒன்றுக்குள் சிறுத்தை புகுந்த பின், அடுத்தடுத்த வதந்திகளால் வேறு பல பள்ளிகளும் மூடப்பட்டன. பழைய படம் புதிய இடத்தின் பெயரோடு திரும்பி வருவது இப்படித்தான் தொடங்குகிறது.

7. படத்தைத் திருத்துதல்

வெளிச்சம், நிற வெப்பம், வெட்டு, இரைச்சல் (படத்தில் தெரியும் மணல்போன்ற புள்ளிகள்) குறைப்பு, மிதமான கூர்மை ஆகியவற்றோடு நில்லுங்கள். இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை எடுப்பதும் கூடாது. முகத்துக்குக் குறுக்கே வந்த சுள்ளியை நீக்கினால் படம் அழகாகும், பதிவு பொய்யாகும். ஃபியாப், பிஎஸ்ஏ போன்ற ஒளிப்பட அமைப்புகளின் இயற்கைப் பிரிவுப் போட்டி விதியும் இதையே சொல்கிறது: வெட்டுவதைத் தவிர வேறு வழியில் எதையும் சேர்க்கவோ நகர்த்தவோ நீக்கவோ கூடாது. பின்னாளில் போட்டிக்கு அனுப்ப நினைப்பவர்கள் முதல் நாளிலிருந்தே இதற்குப் பழகுவது எளிது.

செயற்கை நுண்ணறிவு இரைச்சல் நீக்கிகளில் கவனம் வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இறகு வரிகளை அவை ஊகித்து வரைந்துவிடும். வலிமையைக் குறைத்து வையுங்கள். அடையாளம் காண அனுப்பும் படத்துக்கு அவற்றைப் பயன்படுத்தவே வேண்டாம், ஏனென்றால் உள்ளானுக்கும் உள்ளானுக்கும் வேறுபாடு அந்த வரிகளில்தான் இருக்கிறது.

சேமிக்கும்போது எஸ்ஆர்ஜிபி வண்ண வெளியில், நீளப் பக்கம் 2048 பிக்சல் அளவில், ஜேபெக் கோப்பாக வெளியிடுங்கள். அடோபி ஆர்ஜிபியில் விட்டுவிட்டால் பலருடைய கைபேசியில் நிறம் வெளுத்துத் தெரியும். படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் வெளியிடும் பெட்டியிலேயே இருப்பிடத் தகவலை நீக்கும் தெரிவு இருக்கிறது. அதை எப்போதும் தேர்ந்தெடுத்தே வைத்திருங்கள்.

8. காட்சிக் குறிப்பு எழுதுதல்

களத்தில் எழுதிய துண்டுகளை இப்போது ஒரு பத்தியாக்குங்கள். புதியவர்களின் குறிப்பு பெரும்பாலும் லென்ஸின் பெயரில் தொடங்கி ஐஎஸ்ஓவில் முடிந்துவிடுகிறது. அந்த எண்கள் கோப்புக்குள்ளேயே இருக்கின்றன. கடைசி வரியில் ஒரு தடவை சொன்னால் போதும். பார்க்காதவருக்குத் தெரியாதது நிகழ்வுதான். ஆகவே அதுவே முதலில் வரட்டும்.

ஒரு மாதிரி:

"கருப்புவெள்ளை மீன்கொத்தி, ஆண். மார்பில் இரண்டு கருப்புப் பட்டைகள் முழுமையாகத் தெரிந்தன. பெண்ணுக்கு ஒன்றுதான், அதுவும் நடுவில் அறுந்திருக்கும். ஜக்கூர் ஏரி, டிசம்பர், காலை ஏழே கால். வெயில் எங்கள் முதுகுப் பக்கம். தண்ணீருக்கு மேல் ஏறக்குறைய இருபது அடி உயரத்தில் உடலைச் செங்குத்தாக நிறுத்தி, அலகைக் கீழ் நோக்கி வைத்தபடி ஒரே இடத்தில் சிறகடித்தது. இரண்டு முறை பாதி தூரம் இறங்கி மீண்டும் மேலேறியது. மூன்றாவது முறை நேராகப் பாய்ந்தது. மீன் கிடைக்கவில்லை. நாங்கள் கரையில் உட்கார்ந்திருந்தோம், எங்களைப் பொருட்படுத்தவில்லை. மீன் வலை வீச ஒருவர் தெப்பத்தில் வந்ததும் எதிர்க்கரைக்குப் பறந்தது. 500 மி.மீ., 1/3200 விநாடி."

மீன் கிடைக்கவில்லை என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். வெற்றி பெற்ற வேட்டைகளை மட்டும் பகிர்ந்துகொண்டிருந்தால், மீன்கொத்தி பாய்ந்தால் மீனோடுதான் வரும் என்று புதியவர் நினைத்துவிடுவார். தோற்ற பாய்ச்சல்கள், ஒன்றுமே செய்யாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த ஆந்தை, எதையும் பார்க்காத காலை ஆகியவையும் குறிப்பில் இடம்பெறத் தகுந்தவை.

கண்டதையும் ஊகித்ததையும் பிரித்து எழுதுங்கள். "தாய் குஞ்சுக்கு வேட்டை கற்றுக்கொடுத்தது" என்பது ஊகம். "பெரிய பறவை இரையைக் கிளையில் வைத்துவிட்டு நகர்ந்தது, சிறியது அதை எடுத்தது" என்பது கண்டது. ஊகத்தை எழுதக்கூடாது என்றில்லை, "எனக்குத் தோன்றியது" என்ற சொல் மட்டும் உடன் இருக்கட்டும்.

படம் எடுக்கப்பட்ட முறையையும் மறைக்காதீர்கள். இரை வைத்து வரவழைத்தது, பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அழைத்தது, இரவில் ஃபிளாஷ் அடித்தது, விலங்குக் காட்சிசாலையில் எடுத்தது ஆகியவற்றை எழுத வேண்டும். என் கருத்தில் முதல் மூன்றையும் செய்யவே கூடாது: குரலைக் கேட்டு வரும் பறவை தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்து உணவையும் கூட்டையும் விட்டு வருகிறது, இருட்டில் வாழும் தேவாங்கின் கண்ணுக்கு ஃபிளாஷ் தாங்காது. ஆனால் நடந்திருந்தால் சொல்லிவிடுவது, சொல்லாமல் விடுவதைவிட நல்லது. அப்போதுதான் குழு அதைப் பற்றிப் பேச முடியும்.

9. அனுப்புதல்

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி நுணுக்கம் குறையும். ஆனால் கோப்புக்குள் இருந்த இருப்பிடத் தகவலும் போய்விடும். ஆவணமாக அனுப்பினால் தரம் அப்படியே இருக்கும், ஜிபிஎஸ் எண்களும் அப்படியே போகும். "நல்ல தரம் வேண்டும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க" என்று மூத்தவர் கேட்க, புதியவர் இடத்தையும் சேர்த்து அனுப்பிவிடுவது இங்கேதான் நடக்கிறது.

ஆகவே ஆவணமாக அனுப்பும் முன் சோதியுங்கள். விண்டோஸில் கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்து பண்புகளைத் திறந்தால், விவரங்கள் பகுதியில் ஜிபிஎஸ் இருக்கிறதா என்று தெரியும். அதன் அடியிலேயே தனிப்பட்ட தகவலை நீக்கும் இணைப்பும் உண்டு. ஐபோனில் பகிரும் திரையின் மேற்பகுதியில் உள்ள தெரிவுகளில் இருப்பிடத்தை அணைக்கலாம்.

முதலில் குறிப்பு, அடுத்து படங்கள் நடந்த வரிசையில். படத்தை முதலில் அனுப்பினால் குறிப்பைத் தட்டச்சு செய்யும் முன்பே பாராட்டுகள் வந்து குவிந்து, குறிப்பு யார் கண்ணிலும் படாமல் மேலே போய்விடும்.

10. ஒன்றாக உட்கார்ந்து பார்த்தல்

மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியில் பார்ப்பது, கைபேசியில் ஆண்டு முழுவதும் பார்ப்பதைவிட அதிகம் கற்றுத்தரும். தொலைக்காட்சியின் பட அமைப்பைப் பளிச்சென்ற நிலையிலிருந்து சினிமா நிலைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பச்சை கொதித்து, நிறத்தைப் பற்றிய பேச்சு முழுவதும் தொலைக்காட்சியைப் பற்றியதாகிவிடும். ஒருவருக்குப் பத்துப் படங்கள் என்ற வரம்பு இருக்கட்டும்.

பேச்சின் வரிசை முக்கியம். பார்த்தவர் முதலில் நிகழ்வைச் சொல்ல வேண்டும். அடுத்து மற்றவர்கள் அந்த உயிரைப் பற்றிக் கேட்க வேண்டும். படத்தின் குறைநிறை கடைசியில். இதை மாற்றி, முதலிலேயே "ஹைலைட் வெடிச்சிருக்கு" (வெளிச்சமான பகுதி வெளுத்துப்போயிருக்கிறது) என்று தொடங்கினால் புதியவர் வாயை மூடிக்கொள்வார், அவர் கண்ட காட்சி யாருக்கும் தெரியாமல் போய்விடும். குறை சொல்பவர் அதைச் சரிசெய்யும் வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "கண் மட்டத்துக்கு இறங்கியிருந்தா பின்னணி தூரமாயிருக்கும்மா, அடுத்த தடவை கரையில் படுத்து எடுத்துப் பாருங்க" என்பது பயன்படும் விமர்சனம்.

11. பொதுத் தரவில் சேர்த்தல்

நண்பர்களுக்குள் மட்டும் சுற்றும் காட்சி ஆய்வாளருக்குப் போய்ச் சேராது. பறவை என்றால் இ-பேர்ட், மற்ற உயிர்கள் என்றால் ஐநேச்சுரலிஸ்ட் அல்லது இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் என்ற இணையதளங்களில் பதிவு செய்யுங்கள். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் அந்த நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் தொடங்கலாம். வீட்டுத் தோட்டத்தில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலே ஒரு பட்டியல் ஆகும்.

இங்கும் ஆறாவது படியின் முடிவைக் கடைப்பிடியுங்கள். ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மறைக்கும் தெரிவைத் தேர்ந்தால், உண்மையான புள்ளிக்குப் பதிலாக 0.2 டிகிரிக் கட்டத்துக்குள், அதாவது ஒரு பக்கம் ஏறக்குறைய 22 கி.மீ. கொண்ட பரப்புக்குள், ஏதோ ஒரு புள்ளி காட்டப்படும். அச்சுறுத்தலில் உள்ள பல இனங்களுக்கு அது தானாகவே நடக்கும். இ-பேர்டும் ஆபத்துக்குள்ளான சில இனங்களின் இடத்தைத் தானே மறைக்கும், ஆனால் சாதாரணப் பறவையின் கூட்டை மறைக்காது. அதனால் பட்டியலின் கருத்துப் பகுதியில் கூடு எந்த மரத்தில் என்று எழுதாதீர்கள்.

பெயர் தவறு என்று பின்னர் யாராவது காட்டினால், தளத்தில் மட்டும் திருத்திவிட்டு நின்றுவிடாதீர்கள். வீட்டுக் கோப்புறையில் உள்ள குறிப்பையும் திருத்தி, குழுவில் முன்பு அனுப்பிய செய்திக்கே பதிலாகப் புதிய பெயரை எழுதுங்கள். பழைய செய்தியைத் தேடி வருபவர் கண்ணில் திருத்தமும் உடனே படும்.